14416: ஊரடங்கில் வளர்ந்த பிள்ளைக்கு இந்த எண் எவ்வளவு தூரம் உதவும்?

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடலாம். டெலி-மனஸ் என்ற 14416 மனநல உதவி எண் முதல் அழைப்புக்கு நல்ல சேவை. காசு கிடையாது. நள்ளிரவிலும் இயங்குகிறது. தமிழில் பேசலாம். ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டாம். ஆனால் எந்தப் பிள்ளைகளின் பாடு பெருந்தொற்றுக் காலத்தில் ஊர் முழுக்கப் பேசப்பட்டதோ, அந்தப் பிள்ளைகளுக்கு இதன் வடிவம் பாதிதான் பொருந்துகிறது. நாற்பது வயதுக்காரர் போனில் மணிக்கணக்கில் பேசுவார். ஊரடங்கில் வளர்ந்த பதினேழு வயதுக்காரர் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்கவே மாட்டார். எதையும் டைப் செய்துதான் சொல்வார். இது தெரிந்து பயன்படுத்தினால் 14416 கைகொடுக்கும். தெரியாமல், "இந்தா, டாக்டர் லைன்ல இருக்காங்க, பேசு" என்று பிள்ளையின் கையில் போனைத் திணித்தால் முதல் நிமிடத்திலேயே காரியம் கெட்டுவிடும்.

சேவை பிறந்த கதை சுருக்கமானது. 2022 பிப்ரவரி 1 அன்று நிதிநிலை அறிக்கையில் இதை அறிவித்த ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், எல்லா வயதினரின் மனநலச் சிக்கல்களையும் பெருந்தொற்று கூட்டிவிட்டது என்பதையே காரணமாகக் காட்டினார். அதே ஆண்டு அக்டோபர் 10, உலக மனநல நாளில் எண் இயங்கத் தொடங்கியது. பெங்களூரு நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம் இதன் தலைமை மையம். தமிழ்நாட்டில் இதற்கு 'நட்புடன் உங்களோடு மனநல சேவை' என்று பெயர்.

அதற்கு முன்பும் எண்கள் இல்லாமல் இல்லை. 2020 மார்ச் இறுதியில் நிம்ஹான்ஸ் ஓர் உதவி எண்ணைத் திறந்தது. ஜூலையில் மாணவர்களுக்காகக் கல்வி அமைச்சகத்தின் 'மனோதர்பண்' வந்தது. செப்டம்பரில் சமூகநீதி அமைச்சகத்தின் 'கிரண்' வந்தது. எல்லாமே பத்து, பதினோரு இலக்கங்கள். நெஞ்சு படபடக்கும் நேரத்தில் பதினோரு இலக்கம் யாருக்கும் நினைவில் வராது. ஐந்து இலக்கத்தில் ஒரே எண் என்று ஆக்கியதே டெலி-மனஸ் செய்த முதல் நல்ல காரியம். 1-800-891-4416 என்ற நீண்ட வடிவமும் இருக்கிறது. சில இணைப்புகளில் குறு எண் போகாவிட்டால் அதை முயலலாம்.

யாருக்காக இந்த மதிப்பீடு

தமிழ்நாட்டுக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. பத்தும் பன்னிரண்டும் 2021 ஜனவரி 19 அன்று திறந்தன. மார்ச்சில் பன்னிரண்டைத் தவிர மற்றவை மறுபடி மூடின. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை செப்டம்பர் 1 அன்றும், ஒன்று முதல் எட்டு வரை நவம்பர் 1 அன்றும் திறந்தன. 2022 ஜனவரியில் இன்னொரு மூடல், பிப்ரவரி 1இல் திறப்பு.

இதைத் தேதிகளாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு பிள்ளையாகப் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் ஆறாம் வகுப்பில் பையை மூடிய பிள்ளை, அடுத்து வகுப்பறை பெஞ்சில் உட்கார்ந்தபோது எட்டாம் வகுப்பு. நடுவில் ஏறக்குறைய இருபது மாதம். குரல் உடைந்தது, பூப்பெய்தியது, முதல் பரு வந்தது எல்லாம் அந்த இருபது மாதத்துக்குள், நாலு சுவருக்குள். சண்டை போட்டுவிட்டு மறுநாள் இடைவேளையில் பேசிச் சமாதானமாகும் பயிற்சியே அந்த வயதுக்குக் கிடைக்கவில்லை. அதே பிள்ளை 2025-26இல் பன்னிரண்டாம் வகுப்பு. ஊரடங்கு முடிந்து வருடங்கள் ஆகிவிட்டன, இன்னும் என்ன என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்குதான் பதில்.

அவர்களுக்கு முந்தைய வரிசையில் இருப்பவர்கள் 'ஆல் பாஸ்' பிள்ளைகள். 2020இல் பத்தாம் வகுப்பு, 2021இல் பத்தும் பன்னிரண்டும் பொதுத்தேர்வு இல்லாமல் தேர்ச்சி பெற்றன. கல்லூரியிலும் வேலைக்கான நேர்காணலிலும் "ஓ, நீங்க கொரோனா பேட்ச்சா?" என்ற நக்கலை அவர்கள் இன்னும் சுமக்கிறார்கள்.

உலக அளவிலான கணக்கும் இருக்கிறது. 2021இல் ஜாமா பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு 29 ஆய்வுகளையும் 80,879 இளம் வயதினரையும் சேர்த்துப் பார்த்தது. நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வு அறிகுறிகள், ஐவரில் ஒருவருக்குப் பதற்ற அறிகுறிகள். பெருந்தொற்றுக்கு முன்பிருந்த மதிப்பீடுகளைப் போல் இது ஏறத்தாழ இரு மடங்கு. இவை கேள்வித்தாள் மதிப்பெண்கள். மருத்துவர் பார்த்து உறுதிசெய்த நோய்க் கணக்கு அல்ல. எல்லாப் பிள்ளைகளும் ஒரேபோல் வாடவும் இல்லை. பள்ளியில் கேலிக்கு ஆளாகிக்கொண்டிருந்த பிள்ளைகளில் சிலருக்கு வீட்டிலிருந்த மாதங்கள் நிம்மதியாகவே கழிந்தன. பள்ளி திறந்த பிறகுதான் சிக்கல் வெடித்தது.

இந்தியாவுக்கென்று ஓர் எண்ணிக்கை மட்டும் போதும். 2021இல் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கையில், மனச்சிக்கலுக்குப் பிறரிடம் உதவி கேட்பது நல்லது என்று சொன்ன இந்திய இளையோர் 41 சதவீதம்தான். கணக்கெடுத்த 21 நாடுகளின் சராசரி 83. உதவி எண் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அழைக்க வேண்டியவரே அதை வெட்கமென்று நினைக்கிற ஊரில்தான் அது வேலை செய்கிறது. டெலி-மனஸை அழைப்பவர்களில் பெரும்பான்மையினர் 18 முதல் 45 வயதுக்காரர்கள் என்பதில் வியப்பில்லை.

அழைத்தால் என்ன நடக்கும்

பதிவுசெய்த குரல் மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். பிறகு அழைப்பு அந்தந்த மாநில மையத்துக்குப் போகும். முதலில் பேசுபவர் பயிற்சி பெற்ற கவுன்சலர். அவர் மருத்துவர் அல்ல. மருந்து சொல்ல மாட்டார். கேட்பார், நிலைமையை எடைபோடுவார், உடனடியாகச் செய்யக்கூடியதைச் சொல்லித்தருவார். அதற்கு மேல் தேவைப்பட்டால் உளவியலாளரிடமோ மனநல மருத்துவரிடமோ அழைப்பை மாற்றுவார். நேரில் பார்த்தே ஆகவேண்டும் என்றால் மாவட்ட மனநலத் திட்டத்துக்கோ அரசு மருத்துவக் கல்லூரிக்கோ வழிகாட்டுவார்கள். இ-சஞ்சீவனி என்ற அரசுத் தொலைமருத்துவச் சேவை வழியாகத் திரையில் மருத்துவரைப் பார்க்கும் ஏற்பாடும் இந்த அமைப்போடு இணைந்தது. 2024 அக்டோபரில் செயலியும் வீடியோ அழைப்பும் சேர்ந்தன. வீடியோ முதலில் வந்த மூன்று இடங்களில் தமிழ்நாடும் ஒன்று. ஆனால் நேராக வீடியோவில் நுழைய முடியாது. குரல் அழைப்பில் தொடங்கி, நிபுணர் தேவை என்று கருதினால்தான் அது வரும். 2025 அக்டோபரில் செயலிக்குத் தமிழ் இடைமுகமும் 'அஸ்மி' என்ற உரையாடல் பொறியும் (சாட்பாட்) வந்தன. தகவல் தேடுபவருக்கு அது பயன்படும். ஆனால் இரவு ஒரு மணிக்கு டைப் செய்கிற பிள்ளை எதிர்பார்ப்பது மறுமுனையில் ஓர் ஆளை.

முதல் அழைப்பிலிருந்து எவ்வளவு கிடைக்கும் என்பது பாதி கவுன்சலர் கையில், பாதி அழைப்பவர் கையில். முதல் மூன்று நிமிடத்தில் விவரம் சரியாகப் போய்ச் சேர்ந்தால் மீதி நேரம் வீணாகாது. ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அழைப்பது நல்லது: எத்தனை வாரமாக இப்படி, கடந்த மூன்று இரவுகள் எத்தனை மணிக்குத் தூங்கி எத்தனை மணிக்கு எழுந்தது, போன மாதம் எத்தனை நாள் பள்ளிக்கோ கல்லூரிக்கோ போகவில்லை, முன்பு விரும்பிச் செய்த எதை விட்டாயிற்று, சாப்பாடு, எடை, இப்போது சாப்பிடும் மாத்திரைகள், தைராய்டு, ரத்தசோகை பார்த்தாயிற்றா, வீட்டில் சமீபத்தில் யாராவது இறந்தார்களா, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா, இப்போதும் இருக்கிறதா. கடைசிக் கேள்வியை மறைப்பது கவுன்சலரின் கண்ணைக் கட்டிவிடுவது போல. அவர் அதை எப்படியும் கேட்பார். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. வீட்டார் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மனச்சோர்வு பற்றிய பேச்சில் இரண்டு வாரம் என்ற அளவு ஏன் அடிக்கடி வருகிறது என்றால், மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 கேள்வித்தாள் கடந்த இரண்டு வாரத்தைப் பற்றித்தான் கேட்கிறது. ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். சாவு, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றிய ஒன்பதாவது கேள்விக்கு 0 தவிர எது வந்தாலும் மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காமல் அழைக்க வேண்டும்.

வீட்டில் தனியறை இல்லாத பிள்ளை எப்படிப் பேசுவது? ஊரடங்கின்போது இதுதான் பெரிய தடை. ஒற்றை அறை வீடுகளில் இன்றும் இதுதான். அழைத்ததும் இப்படிச் சொல்லலாம்: "எனக்குப் பதினேழு வயசு. ரெண்டு மாசமா ஸ்கூலுக்குப் போக முடியல. ராத்திரி மூணு மணி வரைக்கும் தூக்கம் வரல. இப்ப வீட்டுல எல்லாரும் இருக்காங்க, ஆமா இல்லைன்னு மட்டும்தான் சொல்ல முடியும், நீங்களே கேளுங்க." நல்ல கவுன்சலர் உடனே கேள்விகளை ஆமா-இல்லை வடிவத்துக்கு மாற்றிவிடுவார். மொட்டை மாடி, டியூஷனுக்குப் போகும் வழி, பேருந்து நிலையத்தில் ஒதுக்குப்புறம் எல்லாம் பரவாயில்லை. இயர்போன் போட்டுக்கொண்டால் எதிர்முனைக் குரலாவது வெளியே கேட்காது.

எங்கே சறுக்குகிறது

மிகச் சாதாரணமான சறுக்கல் மறு அழைப்பில். தொடர்ந்து விசாரிக்க மையத்திலிருந்து திரும்ப அழைப்பது இந்தச் சேவையின் முறை, நல்ல முறைதான். ஆனால் பிள்ளை அப்பாவின் போனிலிருந்து அழைத்திருந்தால் மறு அழைப்பை எடுப்பவர் அப்பா. பிள்ளை தன் போனிலிருந்தே அழைத்திருந்தாலும், தெரியாத எண் என்று துண்டித்துவிடும்; சிலர் ஸ்பாம் என்று தடுத்தே வைத்துவிடுவார்கள். ஆகவே பேசி முடிக்கும் முன் மூன்றைக் கேட்டு வாங்க வேண்டும்: எந்த எண்ணிலிருந்து அழைப்பீர்கள், எந்த நாள், எந்த நேரம். "சாயந்திரம் அஞ்சுக்கு மேல அம்மா இருப்பாங்க, நாலரைக்குள்ள கூப்பிடுங்க" என்று தெளிவாகச் சொல்லலாம். வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் அப்போதே பேசிக்கொள்ளலாம்.

இரண்டாவது, அதே கவுன்சலர் திரும்பக் கிடைப்பார் என்ற உறுதி எந்தப் பொது உதவி எண்ணிலும் இல்லை. கதையை முதலிலிருந்து சொல்லச் சொன்னால் பெரியவர்களே சலித்துப்போவார்கள். பதினைந்து வயது என்றால் "சரி விடுங்க" என்று வைத்துவிடும். மேலே சொன்ன தாள் இங்கேயும் உதவும். முதல் அழைப்பின் தேதி, பேசியவரின் பெயர், அவர் சொன்னவை ஆகியவற்றை அதன் கீழே எழுதிக்கொண்டால் இரண்டாம் அழைப்பில் பாதி நேரம் மிச்சம். தொடர் உளசிகிச்சை, அதாவது வாரம் ஒருமுறை என்று ஒரே ஆளோடு எட்டுப் பத்து அமர்வு தேவைப்படுபவருக்கு இந்த எண் போதாது. அதை எதிர்பார்த்து அழைத்து ஏமாந்தவர்கள்தான் இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் போடுகிறார்கள். அவர்கள் கோபம் நியாயம்தான், வந்த இடம்தான் தவறு.

மூன்றாவது, பணம். திட்டத்துக்கு 2023-24 நிதிநிலை அறிக்கையில் 133.73 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். 2024-25இல் 90 கோடி. அழைப்புகளோ ஏறிக்கொண்டே போய் 2024 அக்டோபருக்குள் 14 லட்சத்தைத் தாண்டிவிட்டன. அழைப்பு ஏறும்போது ஒதுக்கீடு இறங்கினால் அதன் சுமை காத்திருக்கும் நேரத்திலும் கவுன்சலரின் பொறுமையிலும்தான் விழும். தேர்வு முடிவு வரும் நாட்களில் 104 என்ற மருத்துவ உதவி எண்ணிலும் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு ஆலோசனை ஏற்பாடு செய்கிறது; அந்த நாட்களில் ஒன்று கிடைக்காவிட்டால் மற்றதை முயலலாம்.

போனில் தீரும் சிக்கல், தீராத சிக்கல்

ஊரடங்கு விட்டுப்போன சிக்கல்களில் குரல் வழியாகவே நன்றாகக் கையாளக்கூடியது தூக்கம். பதின்வயதில் உடலின் கடிகாரம் இயல்பாகவே பின்னால் தள்ளிப்போகும். பள்ளி மணி அதை இழுத்துப் பிடித்து வைத்திருந்தது. மணி நின்றதும் கடிகாரம் அதன் போக்கில் போய், தூக்கம் விடிகாலை மூன்றுக்கு வந்து நின்றது. பலருக்கு அது திரும்பவே இல்லை. வீட்டார் செய்யும் வழக்கமான தவறு, பத்து மணிக்கு விளக்கை அணைத்துப் படுக்கச் சொல்வது. தூக்கம் வராமல் புரண்டு, படுக்கை என்றாலே எரிச்சல் என்று ஆகிவிடும். சரியான வழி எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது: எழும் நேரத்தை முதலில் கட்டிப்போட வேண்டும். இப்போது பதினொன்றுக்கு எழுந்தால், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அரை மணி முன்னால் கொண்டுவர வேண்டும். எழுந்தவுடன் இருபது நிமிடம் வெயில் படும்படி வெளியில் நிற்க வேண்டும். பகல் தூக்கம் கூடாது, மதியத்துக்கு மேல் காபி கூடாது, ஞாயிற்றுக்கிழமைக்குத் தனிச் சலுகையும் கூடாது. மூன்று நான்கு வாரம் பிடிக்கும். ஞாயிறு ஒருநாள் பன்னிரண்டு வரை தூங்கவிட்டால் ஒரு வாரத்து உழைப்பு போச்சு.

பள்ளிக்குப் போக மறுப்பதும் அப்படியே. காலையில் வயிற்றுவலி, வாந்தி. விடுமுறை என்றதும் பத்து மணிக்குச் சரியாகிவிடும். "நடிக்கிறான்" என்பார்கள். பெரும்பாலும் வலி உண்மை. பதற்றம்தான் வயிற்றில் தெரிகிறது. வீட்டிலேயே இருக்கவிட்டால் அன்றைக்கு நிம்மதி, அந்த நிம்மதியே மறுநாள் பயத்தைப் பெருக்கும். படிப்படியாகப் பழக்குவதே சிகிச்சை: சீருடை போட்டு வீட்டில் இருப்பது, பள்ளி வாசல் வரை போய்த் திரும்புவது, பிடித்த ஆசிரியரின் ஒரு வகுப்பு, பிறகு அரைநாள். ஒவ்வொரு படியிலும் பதற்றம் தானாக இறங்கும்வரை நின்றுவிட்டுத்தான் திரும்ப வேண்டும். உச்சத்தில் ஓடிவந்தால் பயம் முன்பைவிடப் பலமாகும். இந்த ஏணியை அமைக்கக் கவுன்சலர் உதவ முடியும். வகுப்பாசிரியரிடம் பேசிவைப்பது பெற்றோர் வேலை.

கைகழுவும் சிக்கலைத் தனியாகச் சொல்ல வேண்டும். இருபது விநாடி சோப்பு போட்டுக் கழுவச் சொல்லி நாடே அறிவித்த காலத்தில், ஓ.சி.டி. என்ற எண்ணச் சுழற்சி நோய் நல்ல பழக்கம்போல் வேடம் போட்டுக்கொண்டது. "எங்க பிள்ளை ரொம்பச் சுத்தம்" என்று பெருமைப்பட்ட வீடுகள் உண்டு. கழுவுவதற்கும் சரிபார்ப்பதற்கும் ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறதா, நடுவில் நிறுத்தினால் முதலிலிருந்து தொடங்குகிறதா, தோல் வெடித்தும் நிறுத்த முடியவில்லையா என்று பார்க்க வேண்டும். ஆமாம் என்றால் 14416 வழிகாட்டலோடு நேரில் நிபுணரைப் பார்க்க வேண்டும். "ஒண்ணும் ஆகாதும்மா" என்று ஒரு நாளைக்கு இருபது முறை ஆறுதல் சொல்வது இந்த நோய்க்குத் தீனி போடும். அந்த ஆறுதலும் சடங்கின் பகுதியாகிவிடும்.

துக்கம் இன்னொன்று. 2021 மே மாதத்து இரண்டாம் அலையில் அம்மாவையோ அப்பாவையோ இழந்த பிள்ளைகள் பலர் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. எட்டாம் நாளும் பதினாறாம் நாளும் உறவு கூடுவதே அழுது ஆற்றத்தான், அது நடக்கவில்லை. இருவரையும் இழந்த பிள்ளைகளின் பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்பு, ஒருவரை இழந்தவர்களுக்கு 3 லட்சம் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. பணம் வந்தது, அழுகை அப்படியே உறைந்திருக்கிறது. பிள்ளைகளுக்கு ஆறு மாதம் கடந்தும் துக்கம் அன்றாடத்தை முடக்கினால் அதை நீடித்த துக்கக் கோளாறு என்றே இன்றைய வகைப்பாடு சொல்கிறது. இதற்குப் பேசுவது உதவும். ஆனால் முதல் அழைப்பில் மௌனம்தான் வரும். சில கவுன்சலர்கள் மௌனத்தைப் பார்த்ததும் அறிவுரையால் நிரப்பப் பார்ப்பார்கள். அப்போது "கொஞ்ச நேரம் சும்மா இருக்கலாமா?" என்று கேட்பதில் தவறில்லை.

போனில் முடியாதவையும் உண்டு. சாப்பாட்டைக் குறைத்து எடை சரிந்த பெண்ணின் நாடித்துடிப்பை யாரும் குரலில் எண்ண முடியாது. மாதவிலக்கு நின்றிருந்தால் அல்லது மயக்கம் வந்தால் அன்றே மருத்துவமனை. யாரும் இல்லாதபோது குரல் கேட்கிறது, எல்லோரும் தன்னையே கவனிக்கிறார்கள் என்று சொல்லத் தொடங்கினாலும் நேரில்தான். மந்திரித்துக் கயிறு கட்டுவது வீட்டாரின் விருப்பம். ஆனால் அதற்காக மருத்துவரைத் தள்ளிப்போடக் கூடாது. உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் 108 முதலில், 14416 பிறகு.

வயது பதினெட்டுக்குக் கீழே என்றால்

இதைப் பிள்ளைகளும் பெற்றோரும் தெரிந்துகொண்டு அழைப்பது நல்லது. பேசவும் ஆறுதல் பெறவும் வயதுத் தடை இல்லை. ஆனால் 2020 மார்ச் 25 அன்று வந்த தொலைமருத்துவ நெறிமுறைப்படி, பதினெட்டு வயது நிறையாதவருக்கு மருத்துவர் தொலைவழி ஆலோசனை தர, அடையாளம் தெரிந்த பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். மருந்துச் சீட்டு எழுதுவதற்கு முன் வயதைக் கேட்பதும் கட்டாயம். ஆகவே "யாருக்கும் தெரியாம மாத்திரை மட்டும் குடுங்க" என்று பதினாறு வயதில் கேட்டால் கிடைக்காது; அது கவுன்சலரின் கடுமை அல்ல. உடனிருக்கும் பெரியவர் அம்மா அப்பாவாகத்தான் இருக்க வேண்டுமா, சித்தியோ தாத்தாவோ இருக்கலாமா என்று அழைப்பிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

ரகசியம் காப்பது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தரும் உரிமை. அதற்கு இரண்டு எல்லை உண்டு. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் வெளியே சொல்லத்தான் வேண்டும். சிறார் மீதான பாலியல் வன்முறை தெரிந்தால் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி புகார் செய்வது கட்டாயம். கவுன்சலருக்கும் விலக்கு இல்லை. வெளியே போகமுடியாத மாதங்களில் வன்முறை செய்தவரோடே ஒரே கூரைக்குக் கீழே பூட்டப்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள் என்பதால் இதைச் சொல்கிறோம். இந்த விஷயத்துக்குச் சிறார் உதவி எண்ணான 1098 இன்னும் நேரான எண்.

வேறு எங்கே போகலாம்

சென்னையில் 1986 முதல் இயங்கும் 'சிநேகா' தற்கொலைத் தடுப்புக்கான தன்னார்வலர்களின் அமைப்பு, எண் 044-24640050. அங்கே சிகிச்சையோ மருந்தோ கிடையாது, தீர்ப்புச் சொல்லாமல் கேட்பார்கள். பேச வராத பிள்ளைக்கு அங்கே ஒரு வசதி கூடுதல்: மின்னஞ்சலில் எழுதலாம். ஒருநாள் கழித்து வரும் பதிலுக்காகக் காத்திருக்க முடிகிற நிலையில் இருப்பவருக்கு, எழுதுவதே பாதி பாரத்தை இறக்கிவிடும். உயிர் ஊசலாடும் இரவுக்கு மின்னஞ்சல் வேண்டாம், போன்தான்.

மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இலவசம், மருந்தும் அங்கேயே. காலையில் சீக்கிரம் போக வேண்டும், ஆதாரும் பழைய சீட்டுகளும் எடுத்துக்கொள்ள வேண்டும். எந்தக் கிழமையில் குழந்தை மனநலத்துக்கு மருத்துவர் இருக்கிறார் என்று முதல் நாளே கேட்டுப் போனால் அலைச்சல் குறையும். 14416 கவுன்சலரிடம் "எங்க மாவட்டத்துல யாரை, எந்த அறையில பார்க்கணும்?" என்று கேட்டு, பதிலை அந்தத் தாளில் எழுதிக்கொண்டு போனால் ஓ.பி. கூட்டத்தில் தடுமாற வேண்டாம். மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்கு 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மனம்' என்ற மனநல மன்றங்கள் இருக்கின்றன. கலைக் கல்லூரியிலும் பாலிடெக்னிக்கிலும் படிக்கும் ஆல் பாஸ் பிள்ளைகள்தான் எண்ணிக்கையில் அதிகம் என்பதையும் யாராவது கவனிக்கலாம்.

எழுத்தில் உரையாடுவது எப்படி நடக்கும் என்று பார்க்க விரும்புவோருக்கு வெளியில் உதாரணம் உண்டு. பிரிட்டனில் 'ஷவுட்' சேவைக்கு 85258 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் பயிற்சி பெற்ற தன்னார்வலர் செய்தியிலேயே பேசுகிறார். 2019இல் தொடங்கியது, ஊரடங்கு வந்தபோது தயாராக இருந்தது. ஆஸ்திரேலியாவின் கிட்ஸ் ஹெல்ப்லைன் ஐந்து முதல் இருபத்தைந்து வயது வரை மட்டுமே எடுக்கிறது. போன், இணைய உரையாடல் இரண்டும் உண்டு. டெலி-மனஸ் செய்ய வேண்டிய அடுத்த வேலை இதுதான்: பதினெட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கென்று தனி வரிசை, அதில் தமிழில் டைப் செய்து ஓர் ஆளோடு பேசும் வழி. தங்கிலீஷில் டைப் செய்தாலும் படிக்கத் தெரிந்த கவுன்சலர்கள் வேண்டும். பிள்ளைகள் எழுதுவது அதில்தான்.

இலங்கையில் இருப்பவர்களுக்கு 14416 போகாது. அங்கே தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இருக்கிறது, தமிழிலும் பேசலாம். இந்தியாவில் இருப்பவர்கள் 14416-ஐப் பிள்ளையின் போனில் சேமிக்கும்போது 'மனநலம்' என்று பெயர் போட வேண்டாம். நண்பர்கள் போனை வாங்கிப் பார்ப்பார்கள். 'லைப்ரரி' என்றோ 'சதீஷ் அண்ணா' என்றோ பிள்ளையே ஒரு பெயர் வைத்துக்கொள்ளட்டும்.